நிலாவெளி வீதியில் நான் சொன்ன பொய்

யுத்த காலம். திருகோணமலையில் ஜப்பான்காரர் குண்டு போட்டு ஒரு வருடத்துக்குச் சற்று மேலாகியிருந்தது. வைகாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இது நடந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் எழுதுவினைஞனாக வேலை. அப்பா இல்லை. அம்மாவும் இரண்டு தங்கைகளும் என்னுடைய சம்பளத்தை நம்பிப் பட்டணத்தை ஒட்டிய பாலையூற்றில் என்னோடு இருந்தார்கள். குண்டு விழுந்தபோது ஊரில் பாதிப் பேர் காட்டுப் பக்கம் ஓடினார்கள். நாங்களும் ஓடி, இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தோம். அதன் பிறகு ஆகாயத்தில் எது இரைந்தாலும் ஒளிய இடம் தேடுவேன். நம்முடைய பக்கத்து விமானம்தான் என்று தெரிந்தாலும் தேடுவேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் நல்லது.

என் நண்பன் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். அங்கே ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராக இருந்தான். அவனுக்குச் சைக்கிள் என்றால் உயிர். லீவு கிடைத்தால் எங்காவது கிளம்பிவிடுவான். அநேகமாக என்னையும் இழுத்துக்கொண்டு. போகிற வழியையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது அவன் பழக்கம். எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாம், எந்த இடத்தில் வீதியை மணல் மூடியிருக்கும், எங்கே பாலம், எத்தனை மைல் என்று எல்லாம் அதில் இருக்கும். பக்கத்திலேயே சின்னதாகப் படமும் கீறுவான்.

சனிக்கிழமை பின்னேரமே வந்து எங்கள் வீட்டில் தங்கினான். மறுநாள் காலை கடற்கரை வீதியால் நிலாவெளி போய், இறக்கக்கண்டித் துறை வரை பார்த்துவிட்டுத் திரும்புவது என்பது அவன் திட்டம். எனக்கு மனம் வரவில்லை.

“கடற்கரை முழுக்க ஆமிக்காரன் நிக்கிறான். பிறகொரு நாளைக்குப் போவம் மச்சான்” என்றேன்.

“ரோட்டால போறதுக்கு ஆரும் தடை சொல்லேல்லையே. வெயில் சாய முதல் வந்திருவம்” என்றான். அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பொட்டலமாகப் புட்டுக் கட்டிக் கொடுத்தா.

போகும்போது தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முதுகில் தள்ளியது. உப்புவெளி தாண்டியதும் ஒரு பக்கம் முட்கம்பி தொடங்கியது. கம்பிக்கு அப்பால் கடல், ஒரு அலை இல்லாமல் கிடந்தது. இரண்டு இடத்தில் சிப்பாய்கள் நிறுத்தி, என் துறைமுகப் பாஸைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நண்பனிடம் பாஸ் இல்லை. அவன் வாத்தியார் என்று நான்தான் சொன்னேன். அவன் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டு வந்தான். நான் ஒவ்வொரு வளைவிலும் முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தபடியே மிதித்தேன்.

இறக்கக்கண்டியில் புட்டைத் தின்றுவிட்டு உடனே திரும்பினோம். இப்போது காற்று முகத்துக்கு நேரே அடித்தது. நிலாவெளியைக் கடந்து கொஞ்ச தூரத்தில் என் பின் ரயரில் காற்றுப் போய்விட்டது. நண்பன்தான் ரியூபைக் கழற்றி ஒட்டுப் போட்டான். வேலை முடிந்ததும் தாகம் என்று சொல்லிப் பக்கத்தில் இருந்த மணல் மேட்டில் ஏறி, கிணறு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தான். பார்த்ததோடு நின்றிருக்கலாம். அங்கேயே நின்று கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினான்.

கூப்பிடலாம் என்று நான் வாயெடுக்கும் முன்பே, மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து துவக்கு நீட்டியபடி இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இருவரும் இந்தியச் சிப்பாய்கள். ஒருவர் தமிழர், மதராஸ் பக்கத்து ஆள். “கையைத் தூக்குங்க, ரெண்டு பேரும்” என்று அவர் சொன்னது விளங்க எனக்கு ஒரு கணம் பிடித்தது. தென்னந்தோப்புக்குள் ஒரு முகாம் இருந்தது. வீதியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதற்குள் எங்களைக் கொண்டுபோய், ஆளுக்கொரு கூடாரத்தில் தனித்தனியாக இருத்தினார்கள்.

அந்த நாட்களில் ஊரில் ஒரே கதை உளவுக்காரரைப் பற்றித்தான். கடற்கரையில் இலாம்பு காட்டியவனைச் சுட்டார்களாம், படம் வைத்திருந்தவனைக் கொண்டுபோன இடம் தெரியாதாம். எது உண்மை, எது பொய் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கொப்பியில் மைல் கணக்கு, பாலம், கிணறு, துறையைக் கடக்கத் தோணி எடுக்கும் நேரம் எல்லாம் இருந்தன. கதிரையில் இருந்தபடி நான் அதை ஒவ்வொரு பக்கமாக மனதில் புரட்டிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் எங்களுக்குச் சாதகமாக இல்லை.

வெள்ளைக்கார அதிகாரி வந்தார். என் பாஸை முன்னும் பின்னும் பார்த்தார். அந்த மனிதனை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று இங்கிலீஷில் கேட்டார். அதட்டக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

இன்று காலையில்தான் வழியில் கண்டேன் என்று சொன்னேன். ஒரே பக்கம் போனதால் சேர்ந்து வந்தோம், அவன் என்ன எழுதுகிறான் என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். முதல்நாள் இரவு எங்கள் வீட்டுப் பாயில் படுத்தவனைப் பற்றி அப்படிச் சொன்னேன். யோசித்துச் சொன்னதல்ல. அம்மாவின் முகமும் தங்கைகளின் முகமும் வந்தன, வாய் சொல்லி முடித்துவிட்டது. அவர் எழுதிக்கொண்டு போனார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். பிறகு அதிகாரி பாஸைத் திருப்பித் தந்து, நேரே வீட்டுக்குப் போகச் சொன்னார். சைக்கிளை எடுக்கப் போனபோது அந்த மதராஸ் சிப்பாய் அதனருகில் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், தணிந்த குரலில் சொன்னார்.

“உங்க கூட்டாளி உங்க வீட்ல தங்கினதா சொல்றாரு. நீங்க தெரியாதுன்னுட்டீங்க. பாஸ் உங்ககிட்டதான இருக்கு, அதனால அவர் புளுகுறார்னு ஆயிடுச்சு. இப்ப லாரி வந்ததும் டவுன்ல இருக்கிற கோட்டைக்குக் கொண்டு போறாங்க.”

“கோட்டைக்குக் கொண்டுபோய் என்ன செய்வினம்?”

“எனக்குத் தெரியாதுங்க.”

நான் சைக்கிளில் ஏறினேன். இதுதான் நெடுங்காலம் நான் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த பகுதி. விஷயம் முழுவதும் தெரிந்த பிறகுதான் நான் கிளம்பிப் போனேன். அவன் ஒட்டுப் போட்டுத் தந்த ரயரில் எதிர்க்காற்றில் அழுத்தி மிதித்தேன். பின்னால் யாராவது கூப்பிடுகிறார்களா என்று காது பின்னாலேயே இருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை.

என்னைத் திருப்பியது மனச்சாட்சி என்று எழுத ஆசைதான். உண்மையில் நடந்தது வேறு. அவன் எங்கே என்று அம்மா கேட்பாவே, என்ன சொல்வது என்று யோசித்தேன். நேரே கிண்ணியாவுக்குப் போய்விட்டான் என்று சொல்லலாம். அப்படியானால் நாளைக்கு அவனுடைய உம்மா ஆள் அனுப்பி விசாரித்தால்? அதற்கு இன்னொரு பொய் தேவைப்பட்டது. அதையும் கட்டினேன். பள்ளிக்கூடத்தில் கேட்டால் என்று மூன்றாவது வந்து நின்றபோது, வீதியின் நடுவில் என்னையறியாமல் காலை ஊன்றிவிட்டேன். அரை மைல் வந்திருப்பேன். வாழ்நாள் முழுக்க இதைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்தப் பயம் முதல் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நான் திரும்பிப் போனபோது லொறி இரைந்துகொண்டு நின்றது. பின்னால் ஒரு சிப்பாய்க்குப் பக்கத்தில் நண்பன் இருந்தான். என்னைக் கண்டான். கையசைக்கவில்லை, முகத்திலும் ஒன்றும் காட்டவில்லை.

அதிகாரியிடம் போய், நான் சொன்னது பொய், அவன் என் நண்பன், ஆறு வருடமாகத் தெரியும் என்றேன். அவர் மேசையில் அறைந்தார். இப்போது சொல்வது பொய்யா, அப்போது சொன்னது பொய்யா என்று கேட்டார். இரண்டு பேரையுமே உள்ளே போடலாம் என்றார். கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்துப் பார்க்கச் சொல்லி மட்டும் கெஞ்சினேன். அதுவரை அவர்கள் பார்த்தது படங்களையும் இலக்கங்களையும்தான்.

மதராஸ் சிப்பாயைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். அவர் எழுத்துக் கூட்டி வாசித்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, நான் கால் பெருவிரலை நிலத்தில் ஊன்றியபடி நின்றேன். தம்பலகாமத்து வீதியில் ஒரு வளவில் கறுப்பு நாய் உண்டு, வேகமாக மிதிக்க வேண்டும். இன்ன கடையில் தேத்தண்ணி நல்லது, வடை நேற்றையது. இந்தக் கிணறு உப்பு. அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது போலத் தெரிந்தது. ஆனால் பேனையை வைக்கவில்லை.

அடுத்த பக்கத்தில் சிப்பாய் ஒரு கணம் நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டு வாசித்தார். என் பெயர் எழுதியிருந்தது. ‘ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் இவனுக்கு மூச்சு வாங்கும். மேலே போய் நிழலில் காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது.’

அதிகாரி என் பாஸை வாங்கிப் பெயரை ஒத்துப் பார்த்தார். பழைய திகதிகளில் என் பெயர் இன்னும் நாலைந்து பக்கங்களில் இருந்தது. பெருமூச்சு விட்டு, லொறியை நிறுத்தச் சொன்னார். கொப்பியைத் தானே வைத்துக்கொண்டார். இனிக் கடற்கரையில் ஒரு எழுத்து எழுதினாலும் சிறையை விட்டு வெளியே வரமாட்டாய் என்று நண்பனை எச்சரித்தார். என் பாஸை மேசையில் என் பக்கம் தள்ளிவிட்டார்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. நாங்கள் ஒருவர் பின் ஒருவராக மிதித்தோம். அவன் முன்னால். நான் இன்னும் பின்னால் லொறிச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டேதான் வந்தேன். சல்லி என்ற ஊர்ப் பக்கம் வந்தபோது அவனுக்குப் பக்கத்தில் போய், “மச்சான், நான் சொன்னது உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“ஓம். அந்தத் துரைதான் சொன்னவர்.”

“என்னை மன்னிச்சிடு எண்டு கேக்கவும் எனக்கு ஏலாது.”

அவன் சொன்னான்: “அவர் அதைச் சொன்ன உடனே எனக்கும் ஒரு கோவம் வந்தது. கொப்பி உன்ர எண்டு சொல்லிப் போடுவமா எண்டு நினைச்சனான். வாய் வரைக்கும் வந்திட்டு.”

“பிறகு ஏன் சொல்லேல்லை?”

“கையெழுத்து என்ரயாச்சே.”

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது. ஏன் சுணங்கினீர்கள் என்று வாசலில் நின்ற அம்மா கேட்டபோது, நான் வாய் திறக்கும் முன்பே அவன் ரயர் காற்றுப் போன கதையைச் சொல்லிவிட்டு, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனான். அதோடு சரி. அவன் உயிரோடு இருந்த காலம் முழுக்க இந்த விஷயத்தை ஒருதரம்கூட எடுத்ததில்லை. பகிடிக்கும் எடுத்ததில்லை.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், நீங்கள்தான் திரும்பிப் போனீர்களே என்று தேற்றுகிறார்கள். அவர்களுக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. எனக்குத் தெரிவது, தப்ப வாய்ப்பு வந்தபோது நான் எவ்வளவு சுலபமாகச் சைக்கிளில் ஏறி மிதித்தேன் என்பது. அதனால்தானோ என்னவோ, பயத்தில் நாக்குப் புரண்ட ஒருவனைப் பற்றி யாராவது என் முன்னால் இழிவாகப் பேசினால், அந்தப் பேச்சில் கலந்துகொள்ள இன்றுவரை எனக்கு வாய் வருவதில்லை.