சிவப்புக் கோடும் ஆரஞ்சுக் கோடும்

டி.வி. திரை நீலமாகவே இருந்தது. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த நீலம்தான். கூடத்தில் மர ஸ்டூலின் மேல் பச்சைப் போர்டு. அதிலிருந்து மஞ்சள் முனை வைத்த ஒயர் ஒன்று எங்கள் பழைய டி.வி.யின் பின்னால் போயிருந்தது. மாமனார் ஸ்விட்சைப் போட்டார். போர்டின் ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அணைத்துவிட்டுப் போட்டார். மறுபடியும் நீலம். ஐந்தாறு முறை இப்படிச் செய்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, "டி.வி. பேஜார் பண்ணுதும்மா" என்றார். டி.வி.யில் ஒரு குறையும் இல்லை. கொஞ்ச நேரம் முன்புதான் என் மகள் அதே ஒயரை மாட்டி டி.வி.டி.யில் பொம்மைப் படம் பார்த்திருந்தாள்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற ரோட்டில், ஏரியை ஒட்டிய ஊர் எங்களுடையது. மாமனார் இளவயதில் கிண்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பாகங்களைப் பூட்டிச் சேர்க்கிற வேலையில் இருந்தவர். இப்போது பார்க்கிற கம்ப்யூட்டர் இல்லை. கீபோர்டுக்கு அடியிலேயே எல்லாம் அடங்கியிருக்கும், வீட்டு டி.வி.யில் மாட்டினால் எழுத்து தெரியும். அந்தக் கம்பெனி மூடிவிட்டதும் ஊருக்கு வந்து நிலத்தையும் நாலு பேர் வீட்டு மோட்டார் ரிப்பேரையும் பார்த்துக்கொண்டு காலத்தைத் தள்ளிவிட்டார். ஆனாலும், "நான் பூட்ன மிஷினு எத்தினி பள்ளிக்கூடத்துக்குப் போச்சு தெரியுமா" என்பதை என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே சொன்னார். அந்தப் பழைய கம்ப்யூட்டரை அதே மாதிரிச் சிப்புகளை வைத்து மறுபடி செய்து பார்க்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள் என்று என் கணவர் ஃபோனில் பார்த்துக் கண்டுபிடித்தார். வெறும் போர்டும் ஒரு பொட்டலம் உதிரி பாகங்களும் வரும்; நாம்தான் பற்றவைத்துச் சேர்க்க வேண்டும். அப்பாவுக்கு ஆசையாக இருக்குமே என்று வரவழைத்துக் கொடுத்தார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சேர்த்து நாலு வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்ஃபோன் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பரிசோதனையில் தேறாமல் திரும்பி வரும் போர்டுகளைச் சரிசெய்கிற மேசை என்னுடையது. விடியற்காலை நாலரைக்குக் கம்பெனி பஸ். மகள் பிறந்து ஆறு மாதம் கழித்து மறுபடி கிளம்பலாம் என்று பழைய அடையாள அட்டையைத் தேடி எடுத்தபோது மாமனார் வாசலில் நின்றபடியே சொன்னார்: "கொயந்தய வுட்டுட்டு இருட்டுல பஸ் ஏற வோணாம். வூட்லயே இரு." அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேனோ என்னவோ. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் இருந்துவிட்டேன். அடுத்த ஏழெட்டு வருடங்கள் மாடு, அடுப்பு, கணவரின் ஷிஃப்டுக்கு ஏற்ற சோறு என்று போயின. மாமனாரும் நானும் ஒரே வீட்டில், தேவையான வார்த்தைகளை மட்டும் பேசிக்கொண்டு இருந்தோம். கோபம் என்று சொல்ல முடியாது. அதற்குக்கூடத் தெம்பு வேண்டுமே.

அதனால்தான் ஒருநாள் மதியம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் பின்னால் வந்து நின்று, "கை ஆடுதும்மா. நீ கொஞ்சம் சால்டர் வெச்சிக் குடுக்கிறியா?" என்று கேட்டதும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த வீட்டில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து ஒரு மாதம், சாப்பாட்டு வேலை முடிந்து மாடு கறக்கும் நேரம் வரைக்கும், இரண்டு பேரும் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். பொட்டலத்திலிருந்து பாகத்தைத் தேடி எடுப்பது, காலை மடித்து ஓட்டையில் செருகுவது, காகிதத்தில் டிக் அடிப்பது எல்லாம் அவர். திருப்பிப் பிடித்துப் பற்றவைப்பது நான். பேச்சே இல்லை. ஈயம் உருகி, பளபளவென்று குமிழாகி நிற்பதை மட்டும் அவர் ஒவ்வொரு முறையும் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்ப்பார். அப்படிக் கிட்டத்தில் வருவதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை.

திரை நீலமாக நின்றபின் ஒரு வாரம் அவர் தூங்கவில்லை என்றே சொல்லலாம். ஒரு நாள் டி.வி. மேல் பழி போட்டார். மறுநாள் ஒயர் மேல். அதற்கு மறுநாள், போர்டு அனுப்பியவன் மட்டமான சிப்பைத் தலையில் கட்டிவிட்டான் என்றார். நான் தொழிற்சாலையில் செய்கிறபடி வரிசையாகப் பார்த்தேன். ஐந்து வோல்ட் எல்லாச் சிப்புக்கும் போகிறதா? போகிறது. சிப்புகள் திசைமாறி உட்கார்ந்திருக்கின்றனவா? இல்லை. சந்தேகமான இடங்களில் மறுபடி சூடு காட்டினேன். நீலம்தான். தொழிற்சாலையில் மின் அலையைப் படமாகவே காட்டுகிற கருவி இருக்கும். இங்கே மோட்டார் ரிப்பேருக்கு வைத்திருந்த பழைய மல்டிமீட்டர் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தொட்டுத் தொட்டு முதுகு விட்டுப்போனது. அடுப்பில் சோறு குழைந்துபோன நாளும் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை, அவர் பள்ளிக்கூடத்திலிருந்து மகளை அழைத்துவர வண்டியில் போயிருந்தார். உத்திரமேரூருக்குக் கொண்டுபோய் விடுவதும் அழைத்துவருவதும் அவள் முதல் வகுப்பு சேர்ந்ததிலிருந்து அவர் வேலை. நான் தனியாக உட்கார்ந்து பிராசசருக்குத் துடிப்பு கொடுக்கிற காலை மீட்டரால் தொட்டேன். துடிப்பு இருந்தால் முள் நடுவில் எங்காவது நிற்க வேண்டும். அசையவே இல்லை. துடிப்பில்லாமல் பிராசசர் எப்படி வேலை செய்யும்? துடிப்பை உண்டாக்குகிற இடத்தில் ஒரு சிப்பும் ஒரு கிரிஸ்டலும் இரண்டு ரெசிஸ்டர்களும் இருந்தன. ரெசிஸ்டரில் எண் எழுதியிருக்காது. நிறக் கோடுகள்தான் எண். அங்கே ஆயிரம் ஓம் வேண்டும் என்று காகிதத்தில் இருந்தது. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று கோடு இருக்க வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. பத்தாயிரம். இரண்டுமே அப்படித்தான். காகிதத்தில் அவற்றுக்கு நேராக அவர் டிக் அடித்திருந்தார். மற்றவற்றையும் பார்த்தேன். பத்தாயிரம் இருக்க வேண்டிய இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு போட்டவை உட்கார்ந்திருந்தன.

கிண்டியில் வருடக்கணக்காக நாளெல்லாம் ரெசிஸ்டர் செருகிய மனிதர். கோட்டின் அர்த்தம் அவருக்கு மறந்திருக்காது. கோட்டின் நிறம்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தட்டில் கறிவேப்பிலை என்று நினைத்து மிளகாயைக் கடித்தது. பொழுது சாய்ந்தபின் வெளியே போவதைத் தவிர்ப்பது. டிகாஷன் இறங்கிவிட்டதா என்று என்னைக் கேட்பது. ஈயத்தைப் பார்க்க முகம் அவ்வளவு கிட்டத்தில் வருவது.

நாலையும் கழற்றி இடம் மாற்றிப் பற்றவைத்தேன். ஸ்விட்சைப் போட்டேன். நீலம் போய்த் திரை கறுத்தது. மேலே இடது ஓரத்தில் இரண்டு வரி வெள்ளை எழுத்து. அதன் கீழே ஒரு சின்னக் கட்டம் விட்டு விட்டு மின்னியது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

வண்டிச் சத்தம் கேட்டது. மகள்தான் முதலில் ஓடி வந்தாள். "தாத்தா, எயுத்து வந்துகீது!" அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, டி.வி.க்கு ஒரு சாண் தூரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். கீபோர்டில் ஒரு விரலால் எதையோ அடித்தார். திரை பதில் சொன்னது. அப்படிச் சிரித்து நான் அவரைப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, "இன்னா கோளாறும்மா?" என்றார்.

"ஒரு எடத்துல சால்டர் சரியா ஒட்டல மாமா. நான்தான் கவனிக்கல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்பிடியா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரை பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரக்கம் என்று சொன்னால் எனக்கு வசதிதான். அந்தச் சிரிப்பைக் கலைக்க மனம் வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. உண்மையைச் சொன்னால் வண்டியை யார் எடுப்பது, மகளை யார் கொண்டுபோய் விடுவது, ஆஸ்பத்திரிக்கு யார் அலைவது? எல்லாம் என் தலையில்தான் விழும். நான் களைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஞாயிறு அவருக்கு ஓவர்டைம் வந்துவிட்டது. திங்கள் காலை மகள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து கையாட்டியபோது வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன். செவ்வாய்க்கிழமை வாசலுக்கும் போகவில்லை.

செவ்வாய் சாயங்காலம் ஏரிக்கரை ரோட்டில் விழுந்தார்கள். அறுப்புக் காலம். பாதி ரோட்டில் நெல்லைக் காயப்போட்டு, ஓரத்துக்கு அடையாளமாகக் கருங்கல் வைத்திருந்தார்கள். வெயில் எதிரே. நெல்லும் ரோடும் அவருக்கு ஒரே நிறமாகத் தெரிந்திருக்க வேண்டும். வண்டி நெல்லில் வழுக்கிக் கல்லில் இடித்தது. அவருக்கு முழங்காலில் தோல் போனது. மகளுக்கு வலது மணிக்கட்டுக்கு மேல் எலும்பு முறிந்தது. நெல் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தூக்கி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகள் அழுது ஓய்ந்திருந்தாள். "தாத்தா கல்ல பாக்கவே இல்லம்மா. நான் கத்னேன்" என்றாள்.

அவளை மாவுக்கட்டுப் போட உள்ளே அழைத்துப் போனார்கள். மாமனாரும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வேட்டியெல்லாம் மண். நெல்மணி ஒன்று அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்தது. அவர்தான் ஆரம்பித்தார்.

"அன்னிக்கு சால்டர் ஒட்டலன்னு சொன்னியே."

"ஆமா மாமா."

"உன் சால்டர் ஒட்டாம போவாதும்மா. ஒரு மாசமா பாத்துக்கினு தான இருந்தேன். நான் வேல செஞ்ச எடத்துல கூட அப்பிடி ஒர்த்தன் வெச்சதில்ல. நீ பொய்யி சொல்றன்னு அப்பவே தெரிஞ்சிப் போச்சு. இன்னான்னு கேக்கத்தான் தெகிரியம் வரல."

"கலர் மாறி இருந்திச்சி மாமா. நான் சொல்லி இருக்கணும். நாலு நாளா எனுக்குத் தெரியும்."

"எனுக்கு ஒரு வருசமா தெரியும்" என்றார்.

அதற்குப் பிறகு உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது. இரண்டு பேரும் எழுந்தோம்; ஒன்றுமில்லை என்று நர்ஸ் கையசைத்ததும் மறுபடி உட்கார்ந்தோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "வண்டி எடுக்க வோணாம்னு சொல்ட்டா, அப்புறம் அந்த வூட்ல எனுக்கு இன்னா வேல கீது சொல்லு" என்றார். அவர் வாசலில் நின்று வேலைக்குப் போக வேண்டாம் என்று சொன்ன அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவருக்கு அது தோன்றியதா என்று தெரியாது. நான் எடுத்துச் சொல்லவுமில்லை. காலரில் இருந்த நெல்லை எடுத்துப் போட்டேன்.

கணவர் வந்து அப்பாவைக் கண்டபடி பேசினார். "கண்ணு தெரியலன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?" என்றார். "எனுக்கும் தெரியும், நானும் சொல்லல" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. முதலில் ஒரு கண், இரண்டு மாதம் கழித்து மறு கண். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு இரண்டாவது முறைக்கு அவரைப் பின்னால் உட்காரவைத்து நான்தான் கூட்டிப் போனேன். பார்வை நன்றாகவே திரும்பியது. ஆனாலும் வண்டிச் சாவியை அவர் தொடவில்லை. நான் பயந்ததுபோலவே எல்லா வேலையும் என் தலையில்தான் வந்து சேர்ந்தது. செய்ய முடியாத வேலையாக ஒன்றும் இல்லை. களைப்பு இருந்தது, அவ்வளவுதான். களைப்பு அதற்கு முன்பும் இருந்தது.

வேலைக்குப் போ என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குள் தொழிற்சாலைகளில் என் வயதுக்கு ஆள் எடுப்பதும் நின்றுபோயிருந்தது. ஆனால் அக்கம்பக்கத்தில் யாருடைய இன்வெர்ட்டர் போர்டோ மோட்டார் ஸ்டார்ட்டரோ கெட்டுப்போனால், "எங்க வூட்டுக்கு எத்துக்கினு வா, எம் மருமவ பாக்கும்" என்று அவர் டீக்கடையில் சொல்ல ஆரம்பித்தார். இன்றைக்கும் வாரத்துக்கு மூன்று நாலு வருகிறது. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது.

மகள் இப்போது எட்டாவது படிக்கிறாள். அவள் எழுதும்போது நான் அந்த மணிக்கட்டைப் பார்க்கிறேன். எலும்பு நேராகத்தான் சேர்ந்தது, டாக்டரே சொன்னார். ஆனாலும் மழை நாளில், அவள் நோட்டை மூடிவிட்டு விரலைச் சொடுக்கும்போது, என்னால் கேட்காமல் இருக்க முடிவதில்லை.

"கை வலிக்கிதா பாப்பா?"

போன வாரமும் கேட்டேன். அவள் நிமிர்ந்து, புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"எந்தக் கைம்மா?" என்றாள்.