அம்பத்தூர் பெட்ரூமில் லட்சத்தீவு மணல்

முட்டாள்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொல்லிக் கேட்பதைவிட அது கௌரவம்.

‘வீட்டில் ஆயிரக்கணக்கில் புழு. மனைவி ஏசி போட்டு வளர்க்கிறாள். நான் ஹாலில், ஃபேனுக்கடியில்!’ — நண்பர்கள் குரூப்பில் போடுவதாக நினைத்து, இதை எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுத் தொலைத்தேன். டெலிட் செய்திருக்கலாமே என்கிறீர்களா? செய்தேனே... ‘எனக்கு மட்டும் டெலிட்’!

அந்த அபார்ட்மென்டின் அசோசியேஷன் செக்ரட்டரியும் அடியேன்தான்.

என் மனைவி செண்பகம் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. அவள் ஆராய்வது கடற்கரை மணலில் வாழும் குட்டிப் புழுக்களை. நாம் நின்று சுண்டல் தின்கிறோமே, அதே ஈர மணல்தான். ஒரு மணல் துகளுக்கும் அடுத்த துகளுக்கும் நடுவிலுள்ள சந்துதான் அவற்றின் வீதி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. தட்டையாக, நூலாக, உடம்பெல்லாம் மயிராக... ஒரு கைப்பிடிக்குள் அத்தனை தினுசு!

போன வாரம் லட்சத்தீவிலிருந்து தெர்மோகோல் பெட்டி நிறைய மணல் புட்டிகளோடு வந்து இறங்கினாள். அழைத்துவர நான் போயிருந்தேன். ஸ்டேஷனில் ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னா சார், வஞ்சிரமா?” என்றார்.

“மண்ணுங்க.”

“அம்மாந்தொல கடலாண்ட போயி மண்ணையா அள்ளிகினு வந்தீங்கோ?”

மீட்டருக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பரிதாபம்தான்.

கல்லூரி லேபில் வெள்ளையடிக்கிறார்கள். ஸ்பிரிட்டில் போட்டு வைக்கலாம் என்றால், இந்த மெத்தென்ற ஆசாமிகள் சுருண்டுபோய், எது எந்தப் புழு என்றே தெரியாத உருண்டையாகிவிடுமாம். உயிரோடு இருக்கும்போதே பார்த்து வரைய வேண்டும். சூடு ஆகாது. ஆகவே பெட்ரூம். ஆகவே ஏசி. ஆகவே நான் ஹாலில். ஞாயிறுக்குள் வரைந்து முடிக்காவிட்டால் அவள் போய்வந்ததே வீண்.

என் மெசேஜ் போன சூட்டில் கார் பார்க்கிங்கில் கூட்டம் கூடிவிட்டது. தலைவர் தேவராஜ், ஆவடி ஃபாக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயரானவர். அதட்டல் மட்டும் இன்னும் சர்வீஸில் இருக்கிறது.

“இன்னா சார் இது? சம்ப்ல புழு கீதுன்னு இப்பதான் ப்ளீச்சிங் பவுடர் போட்டோம். நீங்க இன்னாடான்னா ஊட்லயே வளத்துகினு கீறீங்க!”

“சார், அது கடல் புழு. சம்ப் தண்ணில விழுந்தா அதுதான் சாகும்.”

“அத்த யாரு பாத்தா? சாயங்காலத்துக்குள்ள தூக்கிக் கடாசுங்க. இல்லாங்காட்டி நோட்டீஸ்.”

நோட்டீஸ் என்றால் செக்ரட்டரி கையெழுத்து வேண்டும். கொடுப்பவனும் நான், வாங்குபவனும் நான்! எனக்கு நானே ‘இதன்மூலம் தங்களை எச்சரிக்கிறேன்’. டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். பேனாவைக்கூட மூடி கழற்றித்தான் நீட்டினார்கள்.

அதற்குள் செண்பகமே இறங்கி வந்துவிட்டாள்.

“மேடம், மைக்ராஸ்கோப்பைக் கீழ கொண்டுவந்து காட்டுங்களேன். எல்லாருக்கும் பயம் போயிடும்” என்றார் இரண்டாவது மாடி ஐ.டி. தம்பி.

“காட்ட மாட்டேன். இதென்ன பொருட்காட்சியா?”

“எங்கியோ தீவுல கீற புழும்மா! அதால யாருக்கு இன்னா பிரயோஜனம்?” என்றார் தேவராஜ்.

“பிரயோஜனம் இருந்தாதான் இருக்கலாம்னா, இந்த பார்க்கிங்ல எத்தனை பேர் மிஞ்சுவோம் சார்?”

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான்தான்.

அவள் விடவில்லை. “இதுங்களுக்குக் கடல் தாண்டி நீந்தத் தெரியாது. முக்கால்வாசிக்குக் குஞ்சுகூட மிதந்து போகாது. நடுக்கடல்ல இருக்கிற தீவுக்கு எப்படிப் போச்சுன்னு இன்னும் சரியா யாருக்கும் தெரியல. ஆனா போயிருக்கு! தீவுக்குத் தீவு வேற வேற தினுசு. பாதிக்குப் பேர்கூட வைக்கல. நான் பார்க்காம ஒரு புட்டியும் வெளிய போகாது.”

படியேறிப் போய்விட்டாள். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. என்ன பிரயோஜனம், என்ன பிரயோஜனம்... கிரிக்கெட்டைப் பார்த்து இப்படிக் கேட்டிருக்கிறோமா? சீரியலைப் பார்த்து? வாராவாரம் வரும் இந்தப் பத்தியைப் பார்த்து? (கேட்டுவிடாதீர்கள்.) நம் காலுக்கடியில் யாரிடமும் அனுமதி வாங்காமல் ஓர் ஊரே குடியிருக்கிறது. அதிலிருப்பவர்களுக்குப் பெயர் வைக்க ஒருத்தி உட்கார்ந்தால் மட்டும் நமக்குக் காரணம் சொல்லியாக வேண்டும்! சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும்!

பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

“கையெழுத்து போட மாட்டேன் சார். வேற செக்ரட்டரியப் பாத்துக்குங்க.”

“யோவ், உன்ன உட்டா எவன்யா இந்த வேலைக்கு வருவான்?”

நியாயமான பயம். நோட்டீஸ் நாலாக மடங்கி அவர் சட்டைப்பைக்குள் போனது.

வெற்றி வீரனாக மாடியேறினேன். ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணும் தாளில் பென்சிலுமாக இருந்தாள் செண்பகம். எதிரே நின்று, நடந்ததை எல்லாம் கையை ஆட்டி, வசனத்தோடு நடித்தே காட்டினேன்.

“உன் புழுவுக்காகப் பதவியையே தூக்கி எறியத் துணிஞ்சேன், தெரியுமா?”

தலை நிமிரவில்லை.

“வெளிச்சத்தை மறைக்காதீங்க.”