வாய்க்கால் முறையில் வந்த பணிவிடை

ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் நனைத்துத் தோலில் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட்டின் மணம். அது எங்கே வந்தாலும் மற்றவர்களுக்கு நோய் நினைவு வரும். எனக்கு ஒரு சண்டை நினைவு வரும். இரண்டு ஆண்கள் தொண்டை கிழியக் கத்துகிற சண்டை. அந்தக் கத்தலுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வட்டக்கச்சிக்கு வந்து அரசாங்கக் காணி பெற்ற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கைக்குழந்தையோடு வந்திருந்தோம். வெட்டிய காட்டின் அடிக்கட்டைகள் வளவுக்குள் இன்னும் புகைந்துகொண்டிருந்த காலம். ஒரு காலையில் என் கணவர் பாலை மரமொன்றைத் தறிக்கப் போனார். மரம் அவர் நினைத்த பக்கம் விழவில்லை.

முதுகெலும்பில் வெடிப்பு. ஆசுபத்திரியில் கொஞ்சக் காலம் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பலகைக் கட்டில். எழுந்து உட்காரக் கூடாது, இடுப்பு முறுகக் கூடாது. அதற்காக ஒரே பக்கமாகக் கிடக்கவும் கூடாது. நேரத்துக்கு நேரம் திருப்பி, முதுகைத் துடைத்து, ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போட வேண்டும். விட்டால் படுக்கைப் புண் வரும், அந்தப் புண்ணே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று அங்கிருந்த தாதி என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

என் கணவரோ வாட்டசாட்டமான ஆள். நானோ, கிள்ளினால் ஒடிகிற உடம்பு. முதல் நாள் தனியே திருப்பப் பார்த்து, முடியாமல், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அதைக்கூடப் பார்க்கவில்லை. கூரைக் கிடுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வாய்க்காலில் தண்ணீர் முறைப்படி வரும். மேல்காணிக்கு முதலில், பிறகு அடுத்தது, அதற்கடுத்தது, கடைசியாகக் கீழ்க்காணி. யாருக்கு யார் முகம் பிடிக்காவிட்டாலும் முறை முறைதான். நோயாளியைக் கண்டதும் வாய்க்கால் ஆட்கள் கூட்டம் வைத்து யோசிக்கவில்லை. தண்ணீர் வருகிற வரிசையிலேயே ஆட்களும் வரத் தொடங்கினார்கள். ஒரு நாளுக்கு ஒரு வீடு. காலையும் மத்தியானமும் பின்னேரமும் படலையைத் திறந்துகொண்டு வந்து, கால் கை கழுவி, வேலையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். காட்டில் குற்றி உருட்டிப் பழகிய கைகள். தோளும் இடுப்பும் காலும் ஒரே மூச்சில் ஒரே மரமாகத் திரும்பும்.

கீழ்க்காணிக்காரரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அவருக்கும் என் கணவருக்கும் வரம்புச் சண்டை, தண்ணீர்ச் சண்டை, பார்வைச் சண்டை எல்லாம் இருந்தது. ஆனால் அவருடைய முறை வந்த அன்று, விடிந்ததும் அவர் வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு சொன்னார்: "தண்ணி முறையிலை என்னைத் தள்ளி விடேலாது எண்டா, இதிலையும் விடேலாது, தங்கச்சி. துவாயை எடும்."

அன்றுதான் என் கணவர் வாய் திறந்தார். விபத்துக்குப் பிறகு அவர் பேச்சை விட்டிருந்தார். கேட்டால் ஓம். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. நல்லவர்கள் வந்து நல்ல வார்த்தை சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். பகையாளியைக் கண்டதும் கண் திறந்தது. ஏச்சு வந்தது! எனக்கு அந்த ஏச்சு, வறண்ட வாய்க்காலில் தலைத்தண்ணீர் சலசலத்து வருகிற சத்தம் போலக் கேட்டது.

இப்படி இருக்கையில்தான் மச்சாள் வந்தார். என் கணவரின் அக்கா. தாயில்லாத வீட்டில் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவர். காட்டுக்குள்ளே ஊர் ஆட்கள் மாறி மாறித் தம்பியைப் புரட்டிப் போடுகிறார்களாம், ஆளுக்கு ஒழுங்கான பராமரிப்பு இல்லையாம் என்று யாரோ யாழ்ப்பாணத்தில் கதை கொண்டுபோயிருக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ரயிலில் கிளிநொச்சிக்கு வந்து, அங்கிருந்து வாடகைக் கார் பிடித்து வந்தார். திருப்தி இல்லாவிட்டால் அதே காரில் தம்பியைக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தே வந்திருந்தார்.

பள்ளமும் திட்டியுமான அந்த ரோட்டில் குலுங்கிப் போனால் வெடித்த எலும்பு என்ன ஆகும்? அவர் போனால் நானும் பிள்ளையும் போக வேண்டும். குடியிருந்து விதைக்காத காணியைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். ஆனால் மச்சாளைத் தடுக்க எனக்கு வாய் இல்லை. வளர்த்தவருக்குத்தானே முதல் உரிமை.

மச்சாள் வந்தது கீழ்க்காணிக்காரரின் முறை நாளில். நான் படலைக்கு ஓடிப்போய் அவருடைய பையை வாங்குகிறேன், உள்ளேயிருந்து சத்தம் வருகிறது.

"உடம்பைத் தளர விடும் காணும்! வரம்பு மாதிரி விறைச்சுக்கொண்டு கிடக்கிறீர்."

"எந்த வரம்பு? நீர் என்ரை காணிக்குள்ளை தள்ளிக் கட்டின வரம்போ?"

"எழும்பி வந்து அளந்து பாரும். படுத்துக்கிடந்து காணி அளக்கிறார், பெரிய சேவையர்!"

மச்சாளின் முகம் சிவந்தது. "சுகமில்லாதவனோடை சண்டை பிடிக்கிற ஆளையோடி வீட்டுக்குள்ளை விட்டு வைச்சிருக்கிறாய்?" என்று என்னைக் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தார்.

கீழ்க்காணிக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கை இரண்டும் என் கணவரின் இடுப்பின் கீழே இருந்தன. "அக்காவோ? நல்ல நேரம் வந்தியள். ஏசுறதைப் பிறகு ஏசுங்கோ. இப்ப அந்தத் தோளைப் பிடியுங்கோ. நான் சொல்லேக்கை திருப்பவேணும்."

மச்சாள் திகைத்துப்போய்ப் பிடித்தார். அதோடு அவர் போட்டு வந்த கணக்குப் பிழைத்தது. நான் காலைப் பிடிக்க, கீழ்க்காணிக்காரர் குரல் கொடுக்க, மூன்று பேரும் ஒரே மூச்சில் திருப்பினோம். என் கணவரின் முதுகு மச்சாளுக்கு முன்னால் வெயிலில் விரிந்து கிடந்தது.

சோதனை தொடங்கியது. எந்த டொக்டரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். தோள்பட்டை எலும்பில் விரலை வைத்து அழுத்தினார். இடுப்புக்குப் பின்னே நாரியின் அடியில் அழுத்தினார். குதிக்கால் இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். காதின் பின்பக்கம், அக்குள், கால்விரல் இடுக்கு. தலையணையை எடுத்து முகர்ந்தார். விரிப்பில் சுருக்கு இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவினார். நகம் வெட்டியிருந்தது. முகம் மழித்திருந்தது. தோல் எங்கேயும் சிவக்கவில்லை.

முழங்கையில் ஒரு சிராய்ப்பு அகப்பட்டது. "இதென்ன?" என்று மச்சாளின் குரல் உயர்ந்தது.

"அது என்ரை முறையில்லை," என்றார் கீழ்க்காணிக்காரர் உடனே. "நேற்று இவருக்கு மேலை உள்ள காணி ஆளின்ரை முறை. அங்கை போய்க் கேளுங்கோ."

மச்சாளின் உதடு துடித்தது. சிரிப்பா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தம்பியின் நெற்றி முடியை ஒதுக்கினார். "ராசா, கார் வெளியிலை நிக்குது. அக்காவோடை வாறியே?"

என் கணவர் கூரையைப் பார்த்தார். பழையபடி கிடுகுக்குள் போய்விட்டார் என்று நினைத்தேன். ஓம் என்று சொல்லிவிடுவார். கேள்வி கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்த ஒரே சொல் அது.

"நான் வந்தா," என்றார் மெதுவாக, "உந்தாள் வாய்க்காலை முழுக்கத் தன்ரை பக்கம் வெட்டிப்போடும், அக்கா."

"பின்னை? வெட்டத்தான் போறன்," என்றார் கீழ்க்காணிக்காரர், பவுடர் தட்டியபடி. "கார் நிக்குதாம். கெதியாப் போம். மண்வெட்டி தீட்டித்தான் வைச்சிருக்கிறன்."

என் கணவர் சிரித்தார்.

எத்தனை நாளாயிற்று! பல் தெரிய, தொண்டைக்குள் களகளவென்று, முதுகு நோகுது நோகுது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மச்சாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனார். நான் பின்னால் போனேன். அங்கே அவர் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார். அழுது முடித்து, சட்டிகளைத் திறந்து பார்த்தார். அதுவும் சோதனைதான். பிறகு என்னைப் பார்த்து, "நீ சாப்பிட்டனியோடி?" என்றார். அந்த வீட்டில் என்னை யாரும் அப்படிக் கேட்டு நாளாகியிருந்தது. அடுத்த முறை என்னுடையது; நானும் அழுதேன்.

காரைப் பின்னேரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அன்று பகல் முழுக்க மச்சாள் எங்களோடு இருந்தார். மத்தியானத் திருப்பலுக்கும் பின்னேரத் திருப்பலுக்கும் தோளைப் பிடித்தார். இரண்டு தரமும் சண்டை நடந்தது. இரண்டாம் தரம் தம்பியின் பக்கம் நின்று மச்சாளும் நாலு வார்த்தை சேர்த்துக் கொடுத்தார்.

அடுத்த காலபோக நெல் விதைப்புக்கு என் கணவர் பொல்லை ஊன்றிக்கொண்டு வயலுக்கு நடந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்கு நோயாளி பார்க்கப் போயிருக்கிறேன். வெள்ளை விரிப்பும் வரிசையான மருந்துப் போத்தில்களும் கண்ணில் படும். ஆனாலும் என் காதுதான் முதலில் தேடும், படுத்திருப்பவரை இன்னும் ஒரு முழு ஆளாக நினைத்து எதிர்த்துப் பேச அங்கே ஒருவராவது இருக்கிறாரா என்று. இருந்தால், அந்த வீட்டைப் பற்றி எனக்குப் பயம் வருவதில்லை.

மச்சாள் வந்த அன்று பின்னேரம் கார் திரும்ப வந்து நின்றது. வேலை முடித்துக் கீழ்க்காணிக்காரரும் படலையடிக்கு வந்தார். மச்சாள் ஏறி இருந்து, கதவைச் சாத்தாமல், அவரைக் கைகாட்டிக் கிட்டக் கூப்பிட்டார். உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தம்பி, அவன் எழும்பி நடக்கிறவரைக்கும் அந்த வரம்புச் சண்டையை மட்டும் தீர்த்துப் போடாதையுங்கோ."