அப்பனும் மகனும் மோதிய திங்கட்கிழமை

என் மாமனாரும் என் கணவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே சோபாவின் இரண்டு முனைகள். பேச்சு மட்டும் கிடையாது. ரிஜிஸ்டர் ஆபீசில் எங்கள் கல்யாணம் முடிந்து சில நாள் கழித்துத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது, அதுவும் சர்ச் வாசலில் யாரோ சொல்லி. நான் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண் என்பதில் அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. என்னிடம் நன்றாகவே பேசுவார். பெற்ற பிள்ளை தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் கோபம். மிஷன் பள்ளியில் விசில் ஊதியே ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார் அவர். ஒருவனை ஆட்டத்தை விட்டு வெளியே அனுப்பினால் திரும்பக் கூப்பிடும் வழக்கம் அவரிடம் இல்லை.

அதனால் வீட்டில் தபால்காரி நான்தான். கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்கச் சொல்வார் மாமனார், கேட்கப்பட வேண்டியவர் சோபாவின் அந்த முனையில் உட்கார்ந்திருக்க. பண்ணியாச்சு என்று சொல்லச் சொல்வார் இவர். இருவர் காதிலும் விழுந்ததை நான் இன்னொரு முறை சொல்ல வேண்டும். சொன்னால்தான் செல்லும். ஒன்றரை வருடமாக இந்தக் கூத்து.

ரெஸ்லிங் நேரம் மட்டும் விதிவிலக்கு. ஜட்டி போட்ட தடியன்கள் ஒருவனை ஒருவன் தூக்கிப் போட்டு மிதிக்கும் அந்தக் கண்றாவிக்கு இருவருமே அடிமை. அப்போது இருவரும் டிவியிடம் பேசுவார்கள். ரெஃப்ரி வேறு பக்கம் திரும்பிவிட்டான் என்று இவர் டிவியிடம் சொன்னால், வேண்டுமென்றேதான் திரும்புகிறான் என்று அவர் டிவியிடம் பதில் சொல்வார். அதற்காகவே நான் பொறுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் ரெஸ்லிங்கில் ஓட்டிய கதை எங்கள் ஹாலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. நரைத்த தாடியோடு ஒரு பழைய சாம்பியன். அவன் மகனும் மல்லன். மகன் சொல்லாமல் கொள்ளாமல் எதிர்க் கோஷ்டியில் சேர்ந்துவிட, அப்பன் ரிங்கின் நடுவில் நின்று மைக்கைப் பிடித்து, இவன் என் மகனே இல்லை என்று அறிவித்தான். வாராவாரம் அது முற்றியது. எங்கள் வீட்டில் டிவியிடம் பேசுவதும் நின்றுபோனது. கடைசியில் அப்பனுக்கும் மகனுக்கும் மேட்ச் குறித்தார்கள்.

அதே வாரத்தில் என் கணவர் சமயநல்லூரில் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை சாவி தருவதாகப் பேச்சு. "அவர் ஒரு வார்த்தை பேசட்டும், நான் இங்கனயே இருக்கேன். இல்லைன்னா போயிருவோம்" என்றார். இவரைப் பெற்ற என் அத்தைக்குக்கூடத் தெரியாது. தனிக்குடித்தனம் என்றால் மற்றவர்களுக்கு இனிக்கும். எனக்கு இனிக்கவில்லை. கல்யாணத்தோடு என் பிறந்த வீட்டுக் கதவு அடைபட்டுவிட்டது. இவரும் என்னால் வீட்டை இழந்தால் பழி என் தலையில்தான் விடியும்.

மேட்ச் திங்கட்கிழமை விடியற்காலை நேரடியாக வந்தது. சாயங்காலம் மறுபடி போடுவார்கள். மருந்துக்கடையில் என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் விடியலிலேயே பார்த்துவிட்டு வந்து, நான் கேட்காமலே முடிவைச் சொன்னார். ஜெயிக்கப்போகிற நேரத்தில் மகன் மனமிரங்கி அப்பனுக்குக் கை கொடுப்பானாம். அப்பன் அந்தக் கையைப் பிடித்து எழுந்து, மடக்கு நாற்காலியால் அவன் மண்டையிலேயே போடுவானாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அன்று எந்த மாத்திரை எந்த டப்பாவில் என்றே புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டிவிக்குப் பின்னால் கையை விட்டு கேபிள் பின்னைத் தளர்த்தினேன். திரை முழுக்கப் புள்ளி. கேபிள் வரவில்லை என்று மாமனாரிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்து ஒரே அழுத்தில் சரிசெய்தார். "பின்னு லூசா இருந்திருக்கும்மா" என்றார். படம் பளிச்சென்று வந்தது.

ரிங்கில் இருவரும் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். சோபாவின் அந்த முனையில் என் கணவரின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அப்பன் மல்லாந்து விழுந்தான். மகன் மூலைக் கயிற்றின் மேல் ஏறி நின்றான். குதித்தால் முடிந்தது கதை. குதிக்காமல் இறங்கி வந்து கையை நீட்டினான்.

"தூக்கி விடுறான் பாரு" என்று மாமனார் டிவியிடம் சொன்னார். குரல் குழைந்திருந்தது. பாய்ந்துபோய் டிவியை அணைத்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. அதற்குள் நாற்காலி இறங்கிவிட்டது.

கூட்டம் ஊளையிட்டது. என் கணவர் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

"வீடு பாத்தாச்சு, நாளைக்குச் சாவி வாங்கப் போறேன்னு சொல்லிரு" என்றார் என்னிடம்.

மாமனார் என்னைப் பார்த்தார். இவரும் என்னையே பார்த்தார். இனி நான் சொன்னால்தான் அது செல்லும். எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, இரண்டு பேர் மேலும் வந்தது.

"சொல்ல மாட்டேன். அவருக்குக் காது இருக்கு, உங்களுக்கு வாய் இருக்கு. இனிமே யாருக்கும் எதையும் நான் சொல்றதா இல்ல."

அடுப்படியிலிருந்து வந்த அத்தை நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். டிவியில் அந்த மகனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடிபட்டவன் கை ஒரு பக்கமாகத் தொங்கியது. மாமனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரிமோட்டைத் தடவி எடுத்து அணைத்தார். திரும்பி மகன் முகத்தைப் பார்த்தார்.

"எந்த ஊர்லடா?"

"சமயநல்லூர்ப்பா."

சமயநல்லூர் என்ன சீமையிலா இருக்கிறது? டவுன் பஸ் போகிற ஊர். அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பையன்களைக் கூட்டிக்கொண்டு விளையாட்டுப் போட்டிக்குப் போய் வந்தவர்தான் அவர்.

"அம்புட்டு தூரமா?" என்றார்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் தன் அப்பாவைப் பார்த்தார்.

"போகலப்பா" என்றார்.