சித்தியின் பாட்டுக்கு வந்த உரிமையாளர்

சித்தப்பாவின் முதலாண்டு நினைவுப் பூசையில் சித்தி பாடிக்கொண்டிருந்தபோது, அதை நேரலையில் காட்டிக்கொண்டிருந்த என் கைப்பேசித் திரை திடீரென்று கறுத்தது. நெல்லித்தோப்பு மாதா கோயிலில் பாடகர் குழுவோடு அவர் நின்ற காட்சி மறைந்து, வேறொருவருக்கு உரிமையான பாடல் இருப்பதால் நேரலை நிறுத்தப்பட்டது என்று ஓர் அறிவிப்பு வந்தது. பிரான்சில் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மகள் உடனே என்னை அழைத்தாள். "அம்மா ஏன் பாதியில நிறுத்திட்டாங்க? அழுவுறாங்களா?" சித்தி நிறுத்தவில்லை. எனக்கு எதிரே, கண்களை மூடியபடி பாடிக்கொண்டுதான் இருந்தார்.

அது அவரே எழுதி மெட்டமைத்த பாட்டு. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துப் படகுகளுக்கு ஐஸ் கொடுத்துவந்த சித்தப்பா படுக்கையில் விழுந்த பிறகு, வலியில் தூக்கமில்லாமல் புரளும் அவருக்காகத் தொடங்கிய முணுமுணுப்பு, அடக்கத்தன்று முழுப் பாட்டாகியிருந்தது. உறவினர் ஒருவர் அதைப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது கைமாறி எங்கெங்கோ போனது. கேட்ட யாரோ ஒருவர் தானே பாடி, இணையத்தில் பாடல்களை வெளியிட்டுத் தரும் நிறுவனம் ஒன்றின் வழியாகத் தன் பெயரில் ஏற்றியிருந்தார். மெட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரத்துக்கு அதுதான் மூலம். சித்தி பாடியது நகல்.

ஆட்சேபம் தெரிவிக்க உட்கார்ந்தோம். உரிமைக்கு என்ன ஆதாரம் என்று கேட்டது திரை. "என் வாயிலேர்ந்து வந்ததுக்கு நான் எங்க போயி ஆதாரம் வாங்குறது?" என்றார் சித்தி. ஆட்சேபத்தைப் பரிசீலிப்பதும் உரிமை கோரியவர் தரப்புதான் என்பது பிறகுதான் புரிந்தது. நிராகரித்தார்கள்.

சாரம் பகுதியில் இருக்கும் தெரிந்த வக்கீலிடம் போனோம். "எழுதின நிமிஷமே பாட்டு உங்களுதும்மா. பதிவு பண்ணணும்னுகூட சட்டத்துல இல்ல. ஆனா அது கோர்ட்டுக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியாது" என்றார் அவர். சட்டத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. இணையத்தில் குவியும் பாட்டையெல்லாம் மனிதர் உட்கார்ந்து கேட்க முடியாதுதான். ஆனாலும் இந்த விவகாரத்தில் முடிவெடுத்த எவரும் அந்தப் பாட்டை ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அடக்கத்தன்று எடுத்த பதிவை இணைத்து மேல்முறையீடு செய்தோம்.

சில நாளில், மேல்முறையீட்டில் கொடுத்திருந்த எண்ணைப் பார்த்து, பாட்டை ஏற்றியவரே சித்தியை அழைத்தார். கடலூர்ப் பக்கம் எலக்ட்ரீஷியன் வேலை பார்ப்பவர். அதற்கு முன் ஆட்சேபம் வந்ததோ அதை நிறுவனம் நிராகரித்ததோ அவருக்குத் தெரியாது. "யாரோட பாட்டுன்னே தெரியலம்மா. எங்க அப்பா செத்தப்ப வாட்ஸ்அப்புல வந்துச்சி. அவரு அடக்கத்துல பாடுனேன். அப்புறம் விட மனசு வரல. ஏத்தறப்ப பேர் கேட்டுது, என் பேரப் போட்டுட்டேன். எடுத்துடறேன்மா."

ஒலிபெருக்கியில் வைத்திருந்ததால் நானும் கேட்டேன். எடுக்கச் சொல்லுங்கள் என்று சைகை காட்டினேன். சித்தி என்னைப் பார்க்கவில்லை.

"எடுக்க வேணாம் தம்பி. எழுதுனது யாருன்னு என் பேரப் போடு. என்னைப் பாடக் கூடாதுன்னு சொல்லாம இருந்தா போதும்" என்றார். பிறகு, பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் குரலில், "நீ பாடுனதக் கேட்டேன், மூணாவது அடியில ஓடுறப்பா நீ. அங்க நிதானமா போவணும். வலியில கெடக்குற மனுஷன் தூங்கணும்ல?" என்றார்.