பிசாசின் மேல் பழி போடாதவர்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில் மிதவையை மாற்றியது. பழைய மிதவைக்குள் தண்ணீர் புகுந்து அது அடியில் கிடந்தது. தொட்டி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. நான் ஸ்பேனர் பிடித்தேன், அப்பா டார்ச் பிடித்தார்.

"இத செஞ்சவன் எவன்?" என்றார்.

"தைவான்காரன்."

"அவன கேக்கணும். மெதக்கறதுக்குன்னு செஞ்சது முழுகிப்போச்சுன்னா தண்ணிய திட்டி என்ன பண்றது?"

"போய்க் கேளுங்க. டிக்கெட் நான் எடுத்துத் தாரேன்."

"ஒனக்கு வாய் நீளம் மேரி. ஒங்கம்மா வழி."

அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டார். "என் வழிய ஏன் இழுக்குறீங்க? ஆண்டவரயே கோர்ட்டுக்கு இழுக்குற வாய் எங்க வம்சத்துல இல்ல."

அது சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை பலகை ஆலையில் கட்டை தள்ளிக்கொண்டிருந்த அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. 1985, ஆகஸ்டு மாதம். வயது ஐம்பத்தெட்டு.

அம்மா சொன்ன வழக்கு உண்மையில் நடந்தது. பதினொரு வருடம் நடந்தது. எதிராளி கடவுள்.

அப்பா செபாஸ்டியன், மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர். அந்த எஸ்டேட்டுக் கோயில் செபஸ்தியார் கோயில். அதனால் அந்தப் பெயர். தமிழ்ப் பள்ளியில் ஆறாவதுவரை படித்தார். பதினைந்து வயதில் பால் வெட்டும் கத்தியைப் பிடித்தார். கேரம் ஆடுவார், தோற்றால் பலகை சரியில்லை என்பார். குரல் பெரியது. பூசையில் வேதாகமம் வாசிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாசித்ததை வீட்டுக்கு வந்து மறுபடியும் வாசிப்பார். நாங்கள் இரண்டு பிள்ளைகள். நான் மூத்தவள். இளையவள் எல்ஸி.

கோயிலுக்கு உபதேசியார் ஸ்டானிஸ்லாஸ். சாமியார் மாதம் ஒருமுறைதான் ஊருக்குள் வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவது இவர். எஸ்டேட்டில் இவருக்கு இன்னொரு பதவியும் இருந்தது. புல் மருந்து அடிக்கும் கும்பலுக்கு மண்டோர். யார் எந்த வேலைக்குப் போவது என்று பிரித்துவிடுவது இவர்தான். மருந்துக் கொட்டகைச் சாவி இவர் இடுப்பில் தொங்கும்.

1974 ஜனவரியில் செபஸ்தியார் திருநாள் வந்தது. கோயிலைச் சுற்றிப் புல் மண்டிக் கிடந்தது. ஸ்டானிஸ்லாஸ் கொட்டகையிலிருந்து மருந்தைக் கொஞ்சம் ஆரஞ்சு சர்பத் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்தார். அடித்ததுபோக மிச்சத்தைக் கோயிலின் பின்படியில் வைத்துவிட்டுத் தோரணம் கட்டப் போய்விட்டார். பாட்டுப் பழக வந்திருந்த எல்ஸிக்குத் தாகம். அவளுக்கு ஆறு வயது.

நான் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆய்வகத் தொழில்நுட்பர். அந்த மருந்தைப் பற்றி இப்போது எனக்குத் தெரியும். முதலில் வாயும் தொண்டையும் வெந்து போகும். பிறகு நுரையீரல் இறுகும். நினைவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். மாற்று மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எல்ஸி ஒரு வாரத்துக்கு மேல் மூச்சுக்குத் தவித்தாள். அதற்கிடையில் திருநாள் நடந்து முடிந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

போலீஸ் வந்து, போத்தல் யாருடையது என்று அப்பாவைக் கேட்டது. "தெரியாது" என்றார். எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். சாவி ஒரே ஆளிடம்தான் இருந்தது. சொன்னால் மறுநாள் வேலை இருக்காது என்பதும் எல்லாருக்கும் தெரியும். போலீஸ் போய்விட்டது.

அடக்கச் செபத்தை நடத்தியது ஸ்டானிஸ்லாஸ். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பிரசங்கம் செய்தார். மனிதர் மேல் பிசாசு கொண்ட பொறாமையால்தான் சாவு உலகத்துக்குள் வந்தது என்றார். திருநாள் சமயத்தில் பிசாசு சும்மா இருக்கமாட்டான், இந்தக் குழந்தையை அவன்தான் வீழ்த்தினான் என்றார். பெண்கள் அழுதார்கள்.

அப்பா எழுந்து நின்றார்.

"நிறுத்துங்க உபதேசியாரே. பிசாசு மேல போடாதீங்க."

"செபஸ்தி, உக்காரு. நீ துக்கத்துல பேசுற."

"வேதத்துல உள்ளத பேசுறேன். ஏசாயாவ எடுத்துப் பாருங்க. வெளிச்சமும் இருட்டும் என் வேல, நல்லதும் கெட்டதும் நாந்தான் உண்டாக்குறேன்னு அவனே சொல்றான். ஊருக்குள்ள ஒரு கேடு வந்தா அத ஆண்டவன் செய்யாம வேற யாரு செஞ்சான்னு ஆமோஸ் கேக்குறாரு. நான் வாசிச்சப்ப எல்லாரும் ஆமென் சொன்னீங்கல்ல? இன்னிக்கு மட்டும் என்ன பிசாசு?"

அவன் என்று அவர் சொன்னது கடவுளை. பலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. எனக்கு அந்த வசனங்கள் முக்கியமில்லை. மண்டோர் எதிரே நிற்கும்போது அப்பா கூரையைப் பார்த்துச் சண்டை போட்டார். கோழை என்று நினைத்தேன்.

அந்த வருடமே ஈப்போ நகரத்துக்கு வந்துவிட்டோம். அப்பாவுக்குப் பலகை ஆலையில் வேலை. கோயிலுக்குப் போவதை அவர் நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. நடுப்பூசையில் மணி அடித்ததும் கோயில் முழுக்க முழங்காலில் விழும். அப்பா மட்டும் பெஞ்சில் நேராக உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பீடத்தைப் பார்ப்பார். பின்னால் இருப்பவர்கள் அவர் முதுகைத்தான் கும்பிடவேண்டும். பரலோக மந்திரத்தில் எல்லாம் சொல்வார். தீமையிலிருந்து எங்களைக் காப்பாற்று என்ற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வார்.

"ஒரு தடவ முட்டி போட்டா காலு ஒடிஞ்சிருமா?" என்பார் அம்மா.

"கேஸ் நடக்குறப்ப எதிராளி கால்ல விழுவாங்களா?"

"அப்ப எதுக்கு வாரீங்க?"

"கூப்புட்ட தேதிக்குப் போகலன்னா கேஸ தள்ளிருவான்."

பங்குச் சாமியார் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். இளைஞர், தமிழர். ஏசாயாவில் வரும் கெடுதல் என்பது பாவம் அல்ல, பேரிடர். கடவுள் தண்டனையாகத் துன்பத்தை அனுப்புவார், பாவத்தை அவர் செய்வதில்லை என்று பொறுமையாக விளக்கினார்.

அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி ஃபாதர். எம்புள்ளைக்கு நடந்தது தண்டனைன்னா, ஆறு வயசுல அவ என்ன செஞ்சா? பாவம்னா, செஞ்சது யாரு?"

சாமியார் தேநீரைக் குடித்து முடித்தார். "தெரியல அண்ணே" என்றார்.

"இந்த ஆளு பரவால்ல" என்றார் அப்பா, அவர் போன பிறகு. தெரியல என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அப்பாவுக்கு வேண்டியது ஒன்றுதான்: எல்ஸிக்குப் பக்கத்தில் ஓர் இடம். எஸ்டேட்டுக் கல்லறையில் அவள் குழிக்கு வலப்பக்கம் காலியாக இருந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் போய்ச் சுண்ணாம்பு அடிப்போம். அப்பா அந்தக் காலி இடத்திலும் புல் பிடுங்குவார். எஸ்டேட்டில் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நட்டிருந்தார்கள். கல்லறையை மட்டும் விட்டுவைத்தார்கள். அதற்குக் கமிட்டி இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த ஸ்டானிஸ்லாஸ் கமிட்டித் தலைவர்.

1984 நவம்பரில் கல்லறையில் அவர் எங்களிடம் வந்தார். உடம்பு இளைத்திருந்தது.

"செபஸ்தி, அந்த எடத்துக்கு நீ கேட்டியே. கமிட்டியில தாபோலே, முடியாதுன்னுட்டாங்க. கெட்டத செய்யிறவரு கடவுள்னு பேசுனவன மந்திரிச்ச மண்ணுல வைக்க முடியாதுங்குறாங்க. ஒரு வார்த்ததான் லா. அன்னிக்குச் சொன்ன வார்த்தைய திருப்பி எடுத்துக்க. நான் பேசிக்குறேன்."

"எந்த வார்த்தைய? என்னோடதயா, அவனோடதயா?"

"விதண்டாவாதம் பண்ணாத. கடவுள் யாரயும் கெட்டத வச்சு சோதிக்கிறதில்லன்னு யாக்கோபு எழுதல? யோபு கதயில எல்லாத்தயும் செஞ்சது சாத்தான்தானே?"

"செஞ்சது சாத்தான். லைசென்ஸ் குடுத்தது யாரு? அவன் வந்து கேட்டான், இவன் சரி போன்னான்." அப்பா சுண்ணாம்புத் தூரிகையை வாளிக்குள் போட்டார். "பிசாசு வெறும் கூலி உபதேசியாரே. மண்டோர் சொல்லாம கூலி மருந்தடிப்பானா?"

ஸ்டானிஸ்லாஸின் கை இடுப்புக்குப் போனது. அங்கே சாவி இல்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டார். வேறு கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

பஸ்ஸில் நான் கேட்டேன். பத்து வருடமாகக் கேட்காதது.

"தெரிஞ்சுதானே பேசுறீங்க. அப்ப போலீஸ்ல ஏன் தெரியாதுன்னீங்க? வேல போயிரும்னா?"

"வேலயா? அந்த வருசமே நானே விட்டுட்டு வரல?"

"பின்ன?"

"அடக்கத்தன்னிக்கு அவன் கைய பாத்தியா? புஸ்தகத்தப் பிடிக்க முடியல. நாலு புள்ள அவனுக்கு. நீதான்டான்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே கொட்டகைக்குப் போயி மிச்ச மருந்த குடிச்சிருப்பான். யாராச்சும் சொமக்கணும்ல. மேல உள்ளவன்தான் நாந்தான் நாந்தான்னு எழுதி வச்சிருக்கான். சொமக்கட்டும்."

"அப்ப சும்மாதான் கடவுள் செஞ்சாருன்னீங்களா?"

"சும்மாவா?" குரல் உயர்ந்தது. முன்சீட்டில் இருந்த மலாய்க்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். "மறந்து வச்சது மனுசன். மனுசன் மறப்பான். அந்தப் பக்கம் ஒரு நாயி வந்து போத்தல தட்டி விட்டிருக்கலாம். ஒரு காத்து போதும். அது கூட மேல உள்ளவனால முடியல. அவன் திருநாளு. அவன் வாசப்படி. நான் அவன விடமாட்டேன்."

என்னால் இதை ஏற்க முடியவில்லை. ஆபத்தான பொருளை அடையாளமில்லாத போத்தலில் ஊற்றினால் யாரோ குடிப்பார்கள். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு வேலையைவிட்டு நீக்குவார்கள். கடவுளைப் பிசாசிடமிருந்து பிரிக்கத் தெரிந்தவர்களும் பிரிக்கத் தெரியாத அப்பாவும் சேர்ந்து ஓர் ஆளைத் தப்பிக்கவிட்டார்கள். அப்படித்தான் நினைத்தேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்பா இறந்த அன்று மாலை ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்குப் போனேன். எஸ்டேட்டின் பழைய லயத்தில், வரிசையில் கடைசி வீடு.

"எடம் வேணும், மண்டோர்."

யாரும் அவரை இப்போது மண்டோர் என்று கூப்பிடுவதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"நல்ல மனுசன்மா. எனக்கு ஒன்னுமில்ல. ஆனா அவன் கடைசிவரைக்கும் வார்த்தைய திருப்பி எடுக்கல. கமிட்டி..."

"நான் எடுத்துக்குறேன். அவருக்குப் பதிலா."

"நீயா?"

"ஞாயித்துக்கிழம கோயில்ல எல்லாருக்கும் முன்னால எந்திரிச்சு, அப்பா சொன்னது தப்பு, எல்ஸிய கொன்னது கடவுள் இல்லன்னு சொல்றேன். பிசாசும் இல்லன்னு சொல்றேன். அப்ப யாருன்னு கேப்பாங்க. அதயும் சொல்றேன். கமிட்டிக்குப் போதுமா?"

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அது நின்றது.

"ரெண்டு பயலுகள அனுப்புறேன்" என்றார். "எல்ஸி பக்கத்துல தோண்டச் சொல்றேன்."

மறுநாள் அடக்கம் நடந்தது. இளைய சாமியார் ஈப்போவிலிருந்து வந்து செபம் சொன்னார். பிசாசைப் பற்றி அவர் பேசவில்லை. அம்மா முழங்காலில் இருந்தார். நான் நின்றேன். கமிட்டி ஆட்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். எல்லாரும் கலைந்த பிறகு ஸ்டானிஸ்லாஸ் மட்டும் போகாமல் இருந்தார்.

"மேரி. ஈஸ்டர் முடிஞ்சு நான் ஈப்போ வந்தேன். ஆலைக்குப் போயி ஒங்கப்பாவப் பாத்தேன். ஒன்னு சொல்லணும் செபஸ்தி, இங்க வேணாம், வீட்டுக்கு வான்னேன். வாரேன்னான். ஒரு ஞாயித்துக்கிழம பூசை முடிச்சிட்டு வாரேன்னான். ஒவ்வொரு வாரமும் வெளிய உக்காந்து பஸ்ஸ பாத்தேன். வரல."

இது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஈஸ்டருக்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள். பூசை முடிந்ததும் அப்பா பேப்பர் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தார்.

"ஒங்கிட்ட சொல்லலாமாம்மா?" என்றார். "அவன் எடத்துல."

"முடியாது" என்றேன். "அவரு வந்து கேக்கவேண்டியது."

அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.