புத்னி பாடினால் உட்காரும் கோழிகள்

எங்கள் கோழிக் கொட்டகைக்குள் போக வேண்டுமென்றால் முதலில் ஊதாத் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும். வாசலில் சிமெண்டில் சிறிய தொட்டி கட்டி, மருந்து கலந்து வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து எந்த நோயும் கோழிகளுக்குப் போய்விடக் கூடாது. எப்போதோ ஒருமுறை நனைக்கிற என் காலில் நிறம் தங்காது. நாளுக்கு இருபது தடவை நனைக்கிற புத்னிக்குப் பாதம் முழுக்கப் பழுப்பாகக் கறை ஏறியிருந்தது. மருதாணி வைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

புத்னி பண்ணையாளின் மகள். அப்பா அம்மாவோடு ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். எனக்கு அப்போது எட்டு வயது. அவளுக்கும் அவ்வளவுதான் இருக்கும். சாமளாபுரத்துக்குத் தெற்கே, ஊரிலிருந்து விலகி எங்கள் தோட்டம். ஊர்க்காரர்கள் காலையிலேயே வேன் ஏறித் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விடுவார்கள். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தைப்பதை விட்டுவிட்டுக் கோழி எரு வழிக்க யாரும் வரத் தயாராக இல்லை. அப்பா ஓர் ஏஜெண்டிடம் சொல்லி வைத்தார். ரயிலில் இந்தக் குடும்பம் வந்து சேர்ந்தது.

குஞ்சும் தீவனமும் ஒரு கோழிக் கம்பெனி கொடுக்கும். நாற்பது நாள் வளர்த்து, லாரி வரும்போது ஏற்றிவிடுவது எங்கள் பொறுப்பு. புத்னி குடும்பத்துக்குத் தீவன ரூமை ஒட்டி ஓர் அறை. சமையல், குளியல், தூக்கம் எல்லாம் கம்பி வேலிக்கு உள்ளேயே. வெளியே போய் வந்தால் நோய் ஒட்டிக்கொண்டு வரும் என்று கம்பெனி சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று காலையிலிருந்து ஆறு பண்ணைகளைச் சுற்றிவிட்டு ஏழாவதாக எங்கள் பண்ணைக்கு வந்து அதைச் சொன்னார்.

புத்னிக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் அந்தச் சூப்பர்வைசரிடமிருந்து வந்ததுதான். தண்ணி, தீவனம், படுதா எறக்கு, வெயிட் பத்தாது, செத்துப்போச்சு. இந்தச் சொற்களை வைத்துக்கொண்டே வேலிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாக நிறையப் பேசினோம். “வெயிட் பத்தாது” என்று என் கையைப் பிடித்துப் பார்த்துச் சொல்லிச் சிரிப்பாள்.

புத்னி குடும்பத்துக்கு முன்னால் வேறொரு குடும்பம் இருந்தது. ஒரு மழை நாளில் பெரிய இடி இடித்து, கோழிகள் மிரண்டு ஒரே மூலைக்கு ஓடின. மிரண்ட கோழி நிற்காது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் சாகும். நானூறுக்கு மேல் செத்தன. மறுநாள் அந்தக் குடும்பத்தைக் கிளப்பிவிட்டார்கள். இடிக்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. அவர்கள் விட்டுப்போன பச்சை பிளாஸ்டிக் குடத்தில்தான் புத்னியின் அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குடம் எப்படி வந்தது என்று அவளுக்கும் தெரியும்.

அந்த வருடம் மாரியம்மன் பொங்கல், கோழிகள் வந்து முப்பதாம் நாளில் விழுந்தது. கோயில் எங்கள் தோட்டத்துக்கு மேற்கே, இரண்டு சோளக்காடு தள்ளி.

“ஏனுங்க, பண்ணையாளுக ரெண்டு பேத்தையும் கோயலுக்கு அனுப்பி விடுங்க. அண்டா கழுவ ஆளே இல்லீங்க” என்றாள் அம்மா.

“பண்ணைய யாரு பாக்கறது?” என்றார் அப்பா.

“அந்தப் புள்ள இருக்குதுல்லங்க.”

அப்பாவுக்கு இருந்த ஒரே கவலை மாமாவின் பட்டாசு. அம்மாவின் தம்பியான அவர் சரவெடி இல்லாவிட்டால் சாமி கண் திறக்காது என்ற நம்பிக்கை உள்ளவர். “பண்ணைப் பக்கம் மட்டும் வேண்டாம் மாப்ள” என்று அப்பா சொன்னார். “கோயலுக்கு மேக்கால வெச்சுக்கறனுங்க மச்சான்” என்று மாமா ஒப்புக்கொண்டார். வாக்குத் தவறாமல் மேற்கில்தான் வைத்தார். சத்தம் மட்டும் கிழக்கே வந்தது.

மாவிளக்கு ஊர்வலம் முடிந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. இங்கே வந்தபின் வேலிக்கு வெளியே எதையும் பார்க்காதவளுக்குத் திருவிழாவைக் காட்டிவிட வேண்டும். எனக்குப் பத்தாமல் போன பச்சைப் பட்டுப்பாவாடையைப் பள்ளிக்கூடப் பையில் திணித்துக்கொண்டு பண்ணைக்கு ஓடினேன். புத்னி பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கொட்டகையைப் பார்த்தாள்.

“கோழி தனியா” என்றாள்.

“அஞ்சாயிரம் கோழி இருக்குது. அதெப்படித் தனியாகும்?” என்றேன்.

அதற்குப் பதில் சொல்ல அவளிடம் தமிழ் இல்லை. பாவாடையைக் கட்டிக்கொண்டாள்.

கோயிலில் பந்தி போட்டிருந்தார்கள். அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். இலை விழுந்தது. தண்ணீர் தெளித்து இலையைத் துடைப்பதை என்னைப் பார்த்து அப்படியே செய்தாள். அவளுடைய அம்மா அடுப்புப் பக்கம் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்ததால் எங்களைப் பார்க்கவில்லை. எதிர்வரிசையில் இருந்த பெரியம்மா ஒருத்தர் பார்த்தார். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்.

“இது யாரு ஊட்டுப் புள்ள கண்ணு?”

“எங்க ஊட்டுப் புள்ளைங்க.”

அவர் பார்வை மெதுவாக இறங்கிப் புத்னியின் பழுப்புக் காலில் வந்து நின்றது. “பண்ணைப் புள்ளையா” என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. “வேலையாளுகளுக்கு ரெண்டு மணிக்கு மேல தனியாப் போடுவாங்க சாமி. அப்ப வந்து வயறாரச் சாப்புடட்டும். இப்ப எந்திருக்கச் சொல்லு கண்ணு.”

அதை அவளுக்கு எந்தச் சொற்களில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மாமாவின் முதல் சரம் வெடித்தது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். புத்னி பொத்தவில்லை. கிழக்கே திரும்பி ஒரு நொடி பார்த்துவிட்டு, இலையைத் தாண்டி ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். “நல்ல வேளை, அதுவா எந்திருச்சுப் போயிருச்சு” என்று பெரியம்மா சொன்னது காதில் விழுந்தது.

பண்ணைக்கு வந்தபோது எனக்கு மூச்சிரைத்தது. கம்பி வலை வழியே பார்த்தேன். முந்நூறு அடிக் கொட்டகையில் முக்கால்வாசி வெறும் உமியாகக் கிடந்தது. கோழிகள் எல்லாம் கிழக்கு மூலையில். தரையிலிருந்து என் நெஞ்சு உயரத்துக்கு வெள்ளையாக ஒரு மேடு. மேடு முழுவதும் அசைந்தது. மேலும் மேலும் ஏறிக்கொண்டிருந்தன. அதிலிருந்து வந்தது கோழிச் சத்தம் போலவே இல்லை.

அவ்வளவு தூரம் ஓடி வந்தவள் கொட்டகை வாசலில் நின்றுவிட்டாள். ஊதாத் தண்ணீரில் ஒரு காலை நனைத்தாள். மற்றொரு காலையும் நனைத்தாள். பிறகு, நடந்து பழகும் குழந்தைபோல அடிமேல் அடி வைத்து உள்ளே போனாள். அப்போதுதான் பாட ஆரம்பித்தாள்.

பெரிய பாட்டு ஒன்றும் இல்லை. நான்கைந்து சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. குரலும் உயரவில்லை. ஆனால் மேட்டின் ஓரத்தில் இருந்த சில கோழிகள் தலையைத் திருப்பின. திரும்பியவை இறங்கின. அவள் மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒன்றை எடுத்துத் தன் பின்னால் விட்டாள். இன்னொன்றை எடுத்து விட்டாள். கை நிற்கவில்லை, பாட்டும் நிற்கவில்லை. மேடு அவளைச் சுற்றிச் சரிந்து, பிரிந்து, உமியின் மேல் பரவியது. வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் காய்ந்த மண்ணில் பரவுமே, அப்படி. பச்சைப் பாவாடை நடுவில் போகப் போக வெள்ளை பின்னால் வந்தது.

மேற்கே இரண்டாவது சரம் வெடித்தது. என் உடம்பு தூக்கிப் போட்டது. ஐயாயிரம் தலைகள் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. அவள் பாட்டை நிறுத்தவில்லை. தலைகள் தாழ்ந்தன. ஒன்று உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்தது உட்கார்ந்தது. கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லாம் உட்கார்ந்தன. நடுவில் அவள் மட்டும் நின்றாள். கோயிலில் அன்று காலை சாமி வந்து ஆடியவர்களைப் பார்த்தபோதுகூட என் கை இப்படிக் குளிரவில்லை.

அப்பாவும் புத்னியின் பெற்றோரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். செத்தவை ஒரு கூடைகூட நிறையவில்லை. அப்பா கூடையைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். “பரவாயில்லையே” என்றார். பிறகுதான் பாவாடையைக் கவனித்தார். “இது ஏன் வெளிய போச்சு?” என்று புத்னியின் அப்பாவைக் கேட்டார்.

அவர் தலை குனிந்து நின்றார். புத்னியின் அம்மா, கையில் அண்டாக் கரி காயாமலேயே, மகளை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். கன்னத்தில் கரி ஒட்டியது. புத்னி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் கூட்டிப்போனேன் என்று நானும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை என்பது அப்போது எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

அன்று மாலை அம்மா தூக்குப்போசி நிறையச் சாப்பாடு கொடுத்துவிட்டாள். அவர்கள் குடும்பத்தைக் கிளப்பிவிடவில்லை. வேலி ஓரம் புத்னி தன் பாத்திரத்தை நீட்ட, போசி அதில் படாமல் நான் கொட்டினேன். வீட்டில் அப்படித்தான் கொட்டச் சொல்லியிருந்தார்கள். “இந்தப் பாட்டை எனக்குச் சொல்லிக் குடு” என்றேன். அவள் சாதத்தைப் பார்த்துக்கொண்டு, “பாட்டு இல்ல. பேச்சு” என்றாள்.

பத்து நாள் கழித்து லாரி வந்தது. கோழிகளைக் கால்களைப் பிடித்துக் கொத்துக் கொத்தாக ஏற்றினார்கள். புத்னி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அறை வாங்கிய கோபம் இன்னும் தீரவில்லை போல என்று நினைத்துக்கொண்டு நான் பக்கத்தில் போகவில்லை. கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துப் போட்டிருந்த இரண்டு வாரமும் அவள் வாயைத் திறக்கவில்லை. புதிய குஞ்சுகள் வந்த அன்று அதே நான்கைந்து சொற்களை மறுபடி ஆரம்பித்தாள், முதல் சொல்லிலிருந்து.

அவளுக்கு ஏதோ வரம் இருக்கிறது என்று பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் கொட்டகைக்குள் போய் எனக்குத் தெரிந்த பாட்டைப் பாடியும் பார்த்தேன். குஞ்சுகள் சிதறி ஓடின. என்னுடையது சரியான பாட்டு இல்லை என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குரலைக் கவனிக்கத் தொடங்கினேன். காலையில் நான் ஸ்கூல் வேன் ஏறும்போது வேலிக்கு உள்ளே, குஞ்சுகளுக்கு நடுவிலிருந்து கேட்கும். மாலையில் வந்து இறங்கும்போதும் கேட்கும். நடுவில் நிறுத்தியிருப்பாளா என்று தெரியாது. எவ்வளவு விடாமல் பயிற்சி செய்கிறாள் என்று வியந்துகொண்டே வீட்டுக்குள் போவேன்.